ஆயுள் பதவி கொடுத்தால் எவரும் தைரியமாகத் தீர்ப்பு எழுதலாமே? – அலபாமா நீதிபதி ஃபிராங்க் ஜான்சனை முன்வைத்து

கேள்வி – ஜூன் 9

அமெரிக்க ஃபெடரல் (அதாவது மத்திய அரசு) நீதிபதிகளை ஆகா ஓகோ என்று புகழ்கிறார்கள். ஒருமுறை நியமித்துவிட்டால் சாகும்வரை நாற்காலி. சம்பளத்தில் கைவைக்க முடியாது, டிரான்ஸ்ஃபர் கிடையாது, மறுபடி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இப்படி ஒரு வேலையை எனக்குக் கொடுத்தால் நானும்தான் கவர்னரை எதிர்த்து ஆர்டர் போடுவேன். இதில் என்ன பெரிய வீரம் இருக்கிறது?

ஜூன் 9, இரவு

முதல் ஆர்டரைப் போட்டுவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்புறம் வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்துவார்கள். ராத்திரியில் போன் செய்து திட்டுவார்கள். அம்மா குடியிருக்கும் வீட்டில் குண்டு வைப்பார்கள். அதற்குப் பிறகும் அதே ஊரில், அதே கட்டடத்தில் உட்கார்ந்து அடுத்த ஆர்டரைப் போட வேண்டும். அரசியல் சட்டம் காவல் காப்பது நாற்காலியைத்தான், வீட்டை இல்லை.

நான் சொல்வது ஃபிராங்க் எம். ஜான்சன் பற்றி. அலபாமா மாநிலத்தின் தலைநகர் மான்ட்கோமரியில் 1955-இல் ஃபெடரல் மாவட்ட நீதிபதியாக உட்கார்ந்தவர். அந்த நாற்காலியில் 24 வருடம். 1979-இல் ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுக்குப் போனார், 1999-இல் இறக்கும்போதும் நீதிபதிதான். அலபாமாவில் மாநில நீதிபதிகள் தேர்தலில் நின்று ஓட்டு வாங்கி வருபவர்கள். ஃபெடரல் நீதிபதியை ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். அதோடு சரி, காங்கிரஸ் என்கிற அமெரிக்க நாடாளுமன்றம் பதவிநீக்கம் செய்தால் ஒழிய யாரும் அசைக்க முடியாது. அதுவரை நீங்கள் சொன்னது உண்மை.

நான் ஒரு மாவட்டக் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மேடைக்குக் கீழே உட்கார்ந்து நீதிபதிகளை அண்ணாந்து பார்த்தே என் சர்வீஸ் போனது. வீரம் என்ற சொல்லை அவர்கள் மேல் போட எனக்கும் கூச்சம்தான். இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது வீரம்கூட இல்லை. அதை மெதுவாகச் சொல்கிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

ஜூன் 10, காலை

ஊரைச் சொல்லாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாது. அலபாமாவின் வடக்கே மலைப்பாங்கான வின்ஸ்டன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1918-இல் பிறந்தவர். பருத்தித் தோட்டம், அடிமைப் பண்ணை எல்லாம் பெரிதாக இல்லாத ஏழை விவசாயப் பகுதி. 1861-இல் தென்மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிந்தபோது அந்த வட்டாரம் ஒத்துக்கொள்ளவில்லை. "வின்ஸ்டன் சுதந்திர நாடு" என்று இன்றைக்கும் கிண்டலும் பெருமையுமாகச் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்கள் பிறகும் லிங்கனின் குடியரசுக் கட்சியிலேயே இருந்தார்கள். மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சி, இவர்கள் மட்டும் எதிர்ப்பக்கம். ஜான்சனின் அப்பா ஒரு காலத்தில் அலபாமா சட்டமன்றத்தில் இருந்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர்.

இதனால்தான் வேலையும் கிடைத்தது. ஐசனோவர் 1953-இல் ஜனாதிபதியானார், குடியரசுக் கட்சி. அலபாமாவில் பதவி கொடுக்கலாம் என்று தேடினால் கட்சிக்காரன் கிடைக்க வேண்டுமே! ஜான்சன் சட்டம் படித்தவர், நார்மண்டிப் போரில் காயம்பட்டுத் திரும்பியவர், ஜாஸ்பர் என்ற சிறிய ஊரில் வக்கீல். முதலில் ஃபெடரல் அரசு வழக்கறிஞர் பதவி, இரண்டு வருடத்தில் நீதிபதி. அப்போது வயது 37. நாட்டிலேயே இளைய ஃபெடரல் நீதிபதி.

எல்லாருக்கும் இணக்கமான ஆளாக வளரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் நிற்பது அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம்.

ஜூன் 10, மாலை

மேலே ஒருவர் "ரோசா பார்க்ஸ் வழக்கில் தீர்ப்பு சொன்னவர்தானே" என்று கேட்டிருக்கிறார். கிட்டத்தட்ட, ஆனால் இல்லை. கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் மான்ட்கோமரி பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்துக் கைதானது 1955 டிசம்பர் 1. ஜான்சன் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கைது வழக்கு மாநில கோர்ட்டுகளில் இழுத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இனவாரியாக உட்கார வைக்கும் சட்டமே செல்லாது என்று ஃபெடரல் கோர்ட்டில் போட்டது தனி வழக்கு, ப்ரௌடர் எதிர் கெய்ல். வாதிகள் வேறு நான்கு பெண்கள். அதில் கிளாடெட் கால்வின் பார்க்ஸுக்கும் ஒன்பது மாதம் முன்பே பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்துக் கைதான 15 வயதுப் பெண். அவர் கூண்டேறிச் சாட்சி சொன்னார். வக்கீல் ஃப்ரெட் கிரே, அவருக்கே அப்போது இருபத்தைந்து வயதுதான்.

மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு. விசாரணை முடிந்து அறைக்குள் போனால் வழக்கப்படி ஜூனியர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். ஜூனியர் ஜான்சன். இந்தச் சட்டம் செல்லாது என்றார். மூத்தவர் ரிச்சர்ட் ரைவ்ஸ் கூடச் சேர்ந்தார், மூன்றாமவர் லின் மாறுபட்டார். அதிக நேரம் பிடிக்கவில்லை என்று ஜான்சன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

லின் சொன்னதும் சும்மா தள்ளக்கூடியதில்லை. 1896-இல் உச்ச நீதிமன்றம் "தனித்தனியாக, ஆனால் சமமாக" என்று சொல்லியிருக்கிறது. இனவாரியாகப் பிரிக்கக் கூடாது என்ற 1954 தீர்ப்பு பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். மேல்கோர்ட் மாற்றாததைக் கீழ்க்கோர்ட் எப்படி மாற்றும்? எங்கள் கோர்ட்டில் எந்த நீதிபதியும் இந்த வாதத்தைத்தான் பிடித்துக்கொள்வார். பத்திரமான வாதம். ஜான்சனும் ரைவ்ஸும் 1954 தீர்ப்பே பழையதை அடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். 1956 ஜூன் 5 தீர்ப்பு, நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, பார்க்ஸ் கைதை ஒட்டிக் கறுப்பின மக்கள் தொடங்கிய பஸ் புறக்கணிப்பு டிசம்பரில் முடிந்தது.

ரைவ்ஸுக்கு நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அவருடைய மகன் சில வருடம் முன்பு விபத்தில் இறந்தவன். அந்தக் கல்லறையில் போய்க் குப்பையைக் கொட்டினார்கள்.

ஜூன் 11

கவர்னர் கதை கேட்டீர்கள். ஜார்ஜ் வாலஸ் இவருடைய சட்டக் கல்லூரித் தோழர். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், இரண்டு குடும்பமும் பழக்கம்.

1959 ஜனவரி. வாலஸ் அப்போது மாநில சர்க்யூட் நீதிபதி, முந்தின வருடம் கவர்னர் தேர்தலில் தோற்றவர். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை மறுக்கப்படுகிறதா என்று பார்க்க ஃபெடரல் ஆணையம் வாக்காளர் பதிவேடுகளைக் கேட்கிறது. வாலஸ் தரமாட்டேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் முழங்குகிறார். ஜான்சன் கொடு என்று உத்தரவு போடுகிறார். கொடுக்காவிட்டால் அவமதிப்பு, சிறை. வாலஸ் ராத்திரியில் ஜான்சன் வீட்டுக்கே வந்து, கொஞ்ச நாள் மட்டும் உள்ளே போட்டால் எனக்கு அரசியலில் நல்லது என்கிற மாதிரிப் பேசினாராம். அவமதிப்பு என்று தீர்ந்தால் என்னால் முடிந்த அளவுக்கு நீளமாகப் போடுவேன் என்றாராம் இவர்.

வாலஸ் என்ன செய்தார்? பதிவேடுகளை உள்ளூர் கிராண்ட் ஜூரியிடம் (குற்றம் சாட்ட முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் ஊர்க்காரர்கள் குழு) ஓசைப்படாமல் ஒப்படைத்தார், அவர்கள் ஆணையத்துக்குக் காட்டிவிட்டார்கள். வெளியே வீராப்பு, உள்ளே கீழ்ப்படிதல். ஜான்சன் அவரை விடுதலை செய்து, சுற்றிவளைத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டார் என்று எழுதினார். சிறைக்கு அனுப்பியிருந்தால் வாலஸ் தியாகியாகியிருப்பார். "இவர் பணிந்துவிட்டார்" என்று எழுதியது அதைவிடப் பெரிய அடி. அடுத்த தேர்தலில் வாலஸ் மேடைக்கு மேடை ஜான்சனைப் பொய்யர் என்று திட்டி ஓட்டு வாங்கி 1962-இல் ஜெயித்தார். அதன்பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் இந்த இரண்டு வகுப்புத் தோழர்களும் மாநிலத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

ஜூன் 12

சிலை வைக்க வேண்டாம். டஸ்கீகி வழக்கைப் பாருங்கள்.

டஸ்கீகி கறுப்பினத்தவர் அதிகம் படித்து வேலை பார்த்த ஊர், பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். 1957-இல் மாநில சட்டமன்றம் அந்த ஊர் எல்லையை மாற்றி வரைந்தது. சதுரமாக இருந்த நகர எல்லை 28 பக்கம் கொண்ட கோணல்மாணல் உருவமானது. நானூறு கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் தவிர எல்லாரும் ஊருக்கு வெளியே. ஒரு வெள்ளைக்கார வாக்காளர்கூட வெளியே போகவில்லை.

இந்த வழக்கு ஜான்சனிடம்தான் வந்தது. தள்ளுபடி செய்துவிட்டார். ஊர் எல்லை வரைவது சட்டமன்றத்தின் வேலை, எனக்கு அதிகாரம் இல்லை என்றார். அப்பீல் கோர்ட்டும் அதையே சொன்னது. 1960-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இரண்டையும் திருப்பியது.

எனக்கு இது பிடிக்கும், தப்பாக நினைக்காதீர்கள். அதிகாரம் இல்லை என்று தோன்றினால் இல்லை என்று எழுதும் ஆள் இவர் என்று இதில் தெரிகிறது. உண்டு என்று மேலே சொன்ன பிறகு அதை விளிம்புவரை பயன்படுத்தினார். 1961-இல் அதே டஸ்கீகி இருக்கும் மேக்கன் கவுண்டியில், வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் இழுத்தடிக்கப்பட்ட 64 பேரின் பெயரைச் சேர்த்தே தீரவேண்டும் என்று உத்தரவிட்டார். பரிசீலிக்கவும் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பரிசீலித்து நிராகரிப்பார்கள்.

ஜூன் 12, கொஞ்ச நேரம் கழித்து

ஃப்ரீடம் ரைடர்ஸ், அதாவது பஸ்ஸில் இனப் பிரிவினையை எதிர்த்து வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து பயணம் போனவர்கள் பற்றிக் கேட்டவருக்கு: 1961 மே 20-இல் அவர்கள் அடிபட்ட கிரேஹவுண்ட் பஸ் நிலையம் ஜான்சனின் கோர்ட் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபெடரல் நீதித்துறை அதிகாரி ஒருவர் ஜன்னலில் நின்று அடிதடியைப் பார்த்து வாஷிங்டனுக்கு போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜான்சன் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலுக்கும் மான்ட்கோமரி போலீஸுக்கும் தடை போட்டார். அதோடு பயணிகளுக்கும் தற்காலிகத் தடை போட்டார், இரண்டு தரப்பும் கொஞ்சம் அடங்கட்டும் என்று. அதில் எனக்கு உடன்பாடில்லை. அடிபட்டவனையும் அடித்தவனையும் ஒரே மனுவில் எதிர்மனுதாரராக்கிய மாதிரி இருக்கிறது.

ஜூன் 14

செல்மா. இதைச் சரியாகச் சொல்ல வேண்டும், எல்லாரும் பாலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1965 மார்ச் 7 ஞாயிறு. வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்குக் கிளம்பிய ஊர்வலக்காரர்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் மாநில போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் அடித்து விரட்டுகிறது. அடுத்த நாளே மார்ட்டின் லூதர் கிங் தரப்பு ஜான்சனிடம் வந்து ஊர்வலத்துக்குப் பாதுகாப்புக் கேட்கிறது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தரமாட்டேன் என்கிறார். அது மட்டுமில்லை, விசாரணை முடியும்வரை ஊர்வலம் போகக் கூடாது என்று 9-ஆம் தேதி கிங்குக்கே தடை. அன்றைக்குக் கிங் பாலம்வரை போய் ஜெபம் செய்துவிட்டுத் திரும்பினார். இளைஞர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

பிறகு விசாரணை நடந்தது. பாலத்தில் எடுத்த டிவி ஃபிலிமை கோர்ட்டிலேயே திரையிட்டுப் பார்த்தார்கள். மார்ச் 17 உத்தரவு. அதன் உயிரான வரி இதுதான்: எவ்வளவு பெரிய அநீதியை எதிர்க்கிறார்களோ, அதன் அளவுக்கு ஏற்பவே நெடுஞ்சாலையில் கூடிப் போராடும் உரிமையும் இருக்க வேண்டும். இந்த மாதிரி ஒரு அளவுகோலை அதற்குமுன் யாரும் எழுதியதில்லை. சட்டக்காரர்கள் பலருக்கு இன்றைக்கும் இது நெருடும். அநீதி பெரிது என்று யார் அளப்பது? நாளைக்கு வேறு கூட்டம் வேறு அநீதி என்று சொல்லிக்கொண்டு ரோட்டை மறித்தால்? நியாயமான கேள்வி, எனக்கு விடை தெரியாது.

ஆனால் நான் படித்துவிட்டு எழுந்து நின்றது இன்னொரு இடத்தில். செல்மாவிலிருந்து மான்ட்கோமரி 54 மைல். நடுவில் லௌண்டஸ் கவுண்டியில் சாலை இரண்டே தடமாகக் குறுகுகிறது. அந்த இடத்தில் 300 பேர்தான் நடக்கலாம், நான்கு தடம் வரும் இடத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். இந்தத் திட்டத்தை மனுதாரர்களிடமே எழுதி வாங்கி உத்தரவோடு சேர்த்தார். உரிமையைப் பற்றிப் பெரிய வரி எழுதிய கையோடு சாலையின் அகலத்தையும் கணக்குப் பார்த்திருக்கிறார். மார்ச் 21-இல் கிளம்பினார்கள், 25-இல் சுமார் 25,000 பேர் மாநிலத் தலைமைச் செயலகத்து முன்னால்.

அன்று இரவே அதே நெடுஞ்சாலையில் வயோலா லியூஸோ சுட்டுக்கொல்லப்பட்டார். டெட்ராய்ட்டிலிருந்து உதவ வந்த வெள்ளைக்காரப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய். மாநில கோர்ட்டில் ஜூரி கொலையாளியை விடுதலை செய்தது. ஃபெடரல் அரசு பழைய 1870 சட்டத்தில் சதிக் குற்றம் சாட்டி மூன்று கிளான்காரர்களை ஜான்சன் முன் நிறுத்தியது. ஜூரி முழுக்க வெள்ளைக்காரர்கள். எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தார்கள். போய் இன்னும் பேசுங்கள் என்று அனுப்பினார். டிசம்பர் 3-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அந்தச் சட்டத்தில் உச்சபட்சம் பத்து வருடம், அதையே கொடுத்தார்.

ஜூன் 14, இரவு

"அதிக வயதுவரை நீதிபதி என்றால் அமெரிக்காவில் ரெகார்டு யார்" – இழை திசை மாறுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். கான்சஸ் விச்சிட்டாவில் வெஸ்லி பிரௌன் என்றொருவர். கென்னடி 1962-இல் நியமித்தார். 2012-இல் 104 வயதில் இறந்தார். கடைசியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு விசாரணை நடத்தினார். ஆயுளுக்கோ நன்னடத்தைக்கோ நியமித்திருக்கிறார்கள், எது முதலில் போகிறதோ அதுவரை இருப்பேன் என்று ஜோக்கடிப்பாராம். எங்கள் ஆபீசில் ஐம்பத்தெட்டில் அனுப்பிவைத்தார்கள், எனக்கு வந்த கோபத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 17

சரி, முதல் நாள் மெதுவாகச் சொல்கிறேன் என்றேனே, அது.

அலபாமாவில் டஸ்கலூசா ஊரில் பிரைஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை. 1970-இல் ஐயாயிரம் நோயாளிகளுக்கு மேல். சிகரெட் வரி வருமானம் குறைந்தது என்று ஊழியர்களை ஆட்குறைப்பு செய்தார்கள். ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள், கூடவே நோயாளிகள் தரப்பிலும் சேர்த்தார்கள். ரிக்கி வயட் என்ற பதின்வயதுப் பையன், மனநோயே இல்லாமல் சேட்டைக்காரன் என்று உள்ளே தள்ளப்பட்டவன், அவன் பெயரில் வழக்கு. வேலைநீக்கப் பகுதி சீக்கிரமே கழன்றுபோனது. ஜான்சன் பிடித்துக்கொண்டது மற்றதை: சிகிச்சை தருவதாகச் சொல்லி ஒருவரை விருப்பமில்லாமல் அடைத்து வைத்துவிட்டு சிகிச்சை தராவிட்டால் அதற்குப் பெயர் சிறை. 1971 மார்ச்சில் சிகிச்சை பெறுவது அரசியல் சட்ட உரிமை என்று எழுதினார், அரசுக்கு ஆறு மாதம் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

1972 ஏப்ரலில் வந்த உத்தரவின் பின்னிணைப்பைத் தேடிப் படியுங்கள். ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. ஆளுக்கு 80 சதுர அடி. எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, 15 பேருக்கு ஒரு குளியல். நோயாளிகள் உபயோகிக்கும் வெந்நீர் 110 டிகிரி ஃபாரன்ஹீட். நோயாளிகளைக் கூலி தராமல் மருத்துவமனை வேலை வாங்கக் கூடாது. 250 நோயாளிகளுக்கு எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ், எத்தனை சமையல்காரர் என்று பட்டியல். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வெளியாட்களைக் கொண்ட மனித உரிமைக் குழு, அவர்கள் போய்ப் பார்ப்பார்கள்.

நீதிபதி வெந்நீர்ச் சூடு வரைக்கும் எழுதலாமா என்று சிரிக்கலாம். நான் சிரிக்கமாட்டேன். நான் வேலை பார்த்த கோர்ட்டில் ஒரு விடுதி பற்றிய வழக்கு. பெயர் வேண்டாம். பிள்ளைகள் தங்கும் இடம், கழிப்பறை மோசம். நீதிபதி நல்லவர், நேரில் போய்ப் பார்த்தார், முகம் வாடித் திரும்பினார், "போதிய சுகாதார வசதி செய்துதர வேண்டும்" என்று உத்தரவு போட்டார். நான்தான் வழக்குக் கட்டில் கோத்து டாக்கெட் எழுதினேன். எதிர்த்தரப்பு ஒரு மெமோ போட்டது: வசதி செய்து தரப்பட்டது. கட்டு முடிந்தது, ரெகார்டு ரூமுக்குப் போனது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஏற்கெனவே இருந்த கழிப்பறைக்கு ஒரு கதவு போட்டார்கள். போதிய என்றால் எவ்வளவு என்று யார் கேட்டார்கள்? அதற்குள் அந்த நீதிபதிக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவருக்கு அப்படி ஒரு கட்டு இருப்பதே தெரியாது. இரண்டு கோடைகால விடுமுறை கழித்து அதே விடுதிக்கு இன்னொரு மனு வந்தது, புது நம்பரோடு.

எட்டுப் பேருக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

ஆக, கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான். ஆயுள் பதவி கொடுத்த தைரியம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மாற்றல் இல்லாத பதவி கொடுத்த ஞாபகம்தான் பெரிது. அதே நீதிபதி, அதே ஊர், அதே கட்டு. அரசு வக்கீல் எழுந்து "யுவர் ஆனர், நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்றால், போன வருடமும் இதையேதான் சொன்னீர்கள் என்று சொல்ல மேலே ஒரு ஆள் இருந்தார். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரிப்பதை எதிர்த்த பள்ளிக்கூட வழக்கும் அப்படித்தான். 1963-இல் ஒரு கவுண்டிக்கு வந்தது, கவர்னர் குறுக்கே விழ விழ அகலப்படுத்தி 1967-இல் கிட்டத்தட்ட மாநிலம் முழுக்க நூறு பள்ளி மாவட்டங்களுக்குப் பொருத்தினார்கள். வாலஸே தலையிட்டுத் தலையிட்டு, இது மாநில அரசின் விவகாரம்தான் என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டார்!

ஜூன் 18

"சட்டமன்றம் செய்ய வேண்டியதை இவர் செய்தார், இது ஜனநாயகமா" என்று மேலே நீளமாக எழுதியவருக்கு. பாதி ஒத்துக்கொள்கிறேன். பணம் யார் ஒதுக்குவது என்ற கேள்விக்கு கோர்ட்டில் பதில் கிடையாது. ஜான்சனே இதைத் தெரிந்துதான் இருந்தார். அலபாமா அதிகாரிகள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஃபெடரல் கோர்ட் பக்கம் தள்ளிவிட்டு, பழியையும் அங்கேயே தள்ளுகிறார்கள் என்று பேசியும் எழுதியும் இருக்கிறார்.

மீதிப் பாதிக்கு ஜான்சன் தீர்ப்பு சொன்ன 1976 அலபாமா சிறை வழக்கைப் படியுங்கள். டிரேப்பர் சிறையின் தனிமை அறை நான்கடிக்கு எட்டடி. அதில் ஆறு பேர்வரை. கட்டில் இல்லை, விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை. கழிப்பறை என்றால் தரையில் ஒரு ஓட்டை, தண்ணீர் விடுவதற்கான பிடி வெளியே. சட்டமன்றத்துக்கு விட்டுவிடலாம் என்றால், ஓட்டே இல்லாத கைதிக்காக எந்த உறுப்பினர் எழுந்து நிற்பார்? வாலஸ் இதற்குச் சொன்ன பதில், எனக்குப் போடும் ஓட்டு ஃபெடரல் நீதிபதிக்கு முள்கம்பி எனிமா கொடுக்கும் என்பது. மொழிபெயர்ப்பு நயம் கம்மி, மூலமும் அப்படித்தான்.

ஜூன் 20

வீட்டுக் கதை கேட்டார்கள். 1967 ஏப்ரலில் மான்ட்கோமரியில் ஜான்சனின் அம்மா வீட்டில் குண்டு வெடித்தது. போன் டைரக்டரியில் அப்பா பெயரும் ஃபிராங்க் ஜான்சன், அதனால் மகன் வீடு என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அம்மா வீட்டுக்குள் இருந்தார், காயமில்லாமல் தப்பினார். அடுத்த மாதம் ஜான்சனின் முகம் டைம் பத்திரிகை அட்டையில் வந்தது. பல வருடம் வீட்டுக்கு ஃபெடரல் மார்ஷல்கள் காவல். ஊரில் பாதிப் பேர் பேசமாட்டார்கள், அவரும் போய்ப் பேசுகிற ஆளில்லை. மீன் பிடிப்பார், கோல்ஃப் ஆடுவார், புகையிலை மெல்லுவார், தச்சு வேலை செய்வார், பழைய கடிகாரங்களைப் பழுதுபார்ப்பார். ஒரே மகன், தத்தெடுத்த பிள்ளை, 1975-இல் தற்கொலை செய்துகொண்டான். அதைப் பற்றி நான் மேலே எதுவும் எழுதவில்லை. சிறை வழக்கின் தீர்ப்பு அதற்கு மறுவருடம் ஜனவரியில் வந்தது.

ஜூன் 23

விட்டுப்போனவை. விமானப்படையில் இருந்த ஷாரன் ஃப்ரான்டியரோ என்ற பெண் அதிகாரி, ஆண் அதிகாரியின் மனைவிக்குத் தானாகக் கிடைக்கும் சலுகை தன் கணவனுக்குக் கிடைக்கவில்லை என்று வந்தார். மூன்று பேர் அமர்வு. இந்தத் தடவை ஜான்சன் தனி ஆள், 1972-இல் மாறுபட்ட தீர்ப்பு. எதிரே நின்றவர்களில் ஒருவர், பஸ் வழக்கில் கூட நின்ற அதே ரைவ்ஸ்! அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் 8-1 என்று ஜான்சன் பக்கம் வந்தது.

1977-இல் கார்ட்டர் இவரை எஃப்பிஐ இயக்குநராக்கப் பெயர் சொன்னார். ரத்தக்குழாய் வீக்கத்துக்குப் பெரிய அறுவைசிகிச்சை ஆகி, உடம்பு தேறாமல் விலகிக்கொண்டார். நல்லதாயிற்று என்பேன், அந்த நாற்காலிக்கு இவர் பொருந்தியிருக்கமாட்டார். அப்பீல் கோர்ட்டில் 1985-இல் ஓரினச் சேர்க்கையாளர்களைத் தண்டிக்கப் பயன்பட்ட ஜார்ஜியா சட்டத்துக்கு எதிராக எழுதினார். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் 5-4 என்று திருப்பியது, 2003-இல் அந்தத் தீர்ப்பையே தப்பு என்று தூக்கிப்போட்டது. அதைப் பார்க்க இவர் இல்லை.

வயட் வழக்கு எப்போது முடிந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2003 டிசம்பர். ஆரம்பித்து 33 வருடம். முடித்து வைத்தவர் மைரன் தாம்ப்ஸன், ஜான்சன் மேலே போனபோது காலியான நாற்காலிக்கு 1980-இல் வந்த கறுப்பின நீதிபதி. பிறந்த ஊர் டஸ்கீகி.

ஜூன் 25

"அப்படியானால் நம் ஊரிலும் ஆயுள் பதவி வேண்டும் என்கிறீர்களா?"

வேண்டாம். உயர் நீதிமன்றத்தில் 62, உச்ச நீதிமன்றத்தில் 65, அப்படியே இருக்கட்டும். ஜான்சன் மாதிரி ஒருவர் கிடைத்தால் நாற்பது வருடம் கொண்டாட்டம்தான். அவருக்கு நேரெதிரான ஆள் கிடைத்தால் நாற்பது வருடம் அவரையும் சுமக்க வேண்டும். அந்தக் காலத்துத் தென்மாநிலங்களில் அப்படிப்பட்ட ஃபெடரல் நீதிபதிகளும் இருந்தார்கள், அதே ஆயுள் பதவியில். நான் கேட்பது சின்னது: இப்படிப்பட்ட வழக்குகளில் உத்தரவு போட்டவர் மாற்றலாகிப் போனாலும், நிறைவேற்றிய அறிக்கை வந்து யாராவது நேரில் எண்ணிப் பார்க்கும்வரை கட்டை முடிக்கக் கூடாது. வாய்தா போட்டுக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு விஷயத்துக்கு.

ஜூரி முறை இங்கே திரும்ப வரலாமா என்று கடைசியாகக் கேட்டவர் தனி இழை தொடங்கவும். அதற்கு எனக்கு நிறைய சொல்ல இருக்கிறது, இங்கே வேண்டாம்.